தண்ணி என் கையில கீது, நீ போ

மணலியில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். சங்கத்தில் பழக்கமானவன். "அண்ணே, இந்த வருசம் பூரா ஒரு லீவுகூட போடல. உங்க செட்டு மாதிரியே நானும் ஆயிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னான். எங்கள் செட்டைப் பற்றி, ஒரே பாய்லரில் நின்ற எங்கள் மூன்று பேரைப் பற்றி, யாரோ அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் அதிகம் வராது. "சரிப்பா, உடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டேன். பிறகு அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. தொழிற்சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அந்த மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மகனாவது ஒரு கூரைக்குக் கீழே நின்று வேலை செய்யட்டும் என்று திருவொற்றியூரில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். எண்ணெய்ப் பீப்பாய் உருட்டினேன், கரி துடைத்தேன், பாய்லர் வீட்டில் உதவி ஆளானேன். பரீட்சை எழுதி, இரண்டாவது தடவையில் அட்டெண்டண்ட் சர்டிபிகேட் வாங்கினேன். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து தொழிற்சாலை மூடி எங்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பும்வரை அந்த ஒரே பாய்லர் முன்னால்தான் நின்றேன். ஐம்பதைத் தாண்டும் முன்பே ஓய்வு பெற்றவன் ஆகிவிட்டேன்.

பாய்லர் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது படுத்திருக்கும் ஒரு பெரிய இரும்பு உருளை. உள்ளே குழாய்களில் தீ ஓடும், குழாய்களைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். அந்த ஆவிதான் சோப்புக் கொப்பரைகளைக் கொதிக்க வைக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழல் இருக்கும். கேஜ் கண்ணாடி என்போம். தண்ணீர் அதற்குக் கீழே போனால் குழாய் பழுக்கும். பழுத்த குழாய் மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் அப்புறம் பாய்லர் வீடே இருக்காது. அதனால் கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் பம்பைத் தொடக் கூடாது, முதலில் தீயை அணைக்க வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

அந்தக் கண்ணாடியில் ஒரு சங்கடம் உண்டு. பாதியில் தண்ணீர் நின்றால் கோடு தெரியும். முழுக்க நிறைந்துவிட்டாலும், முழுக்கக் காலியானாலும் கோடு இருக்காது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால் கண்ணால் பார்த்து நம்ப மாட்டோம், அடித்துப் பார்ப்போம். அடிப்பது என்றால், கீழே உள்ள சின்னக் குழாயைத் திறந்து தண்ணீரையும் ஆவியையும் சீறவிட்டு மூடுவது. மூடியதும் தண்ணீர் கண்ணாடியில் துள்ளி மேலே வரும், ஆடும், பிறகு நிற்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

எங்கள் பாய்லர் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. ஷிப்டு மாறும்போது வருகிறவன் கண்ணாடியை அடிக்க வேண்டும், போகிறவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஆடி நின்றதும் வருகிறவன் வாய்விட்டு, "தண்ணி என் கையில கீது, நீ போ" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதவரை போகிறவன் நகரக் கூடாது. சொல்லிவிட்ட பிறகு நிற்கக் கூடாது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. அதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர் எங்கள் போர்மேன் ஆரோக்கியசாமி சார்.

இந்த வழக்கத்தால் முதலில் சிரமப்பட்டது நான்தான். எனக்கு முன் ஷிப்டு தேவராஜ் அண்ணன். வியாசர்பாடிக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், இளவயதில் கால்பந்தில் கோலியாக, கோல் காத்து நின்றவர். அவரைப் பார்த்து எப்படி 'நீ போ' என்பது? நான் தலையை மட்டும் ஆட்டுவேன். ஒருநாள் போர்மேன் சார் பின்னால் நின்று பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, வாய்ல கொயக்கட்ட வச்சிகினு கீறியா?"

"பெரியவரு சார். எப்டி வா போன்னு…"

"பாய்லரு முன்னாடி பெரியவன் சின்னவன்லாம் கெடையாது. கண்ணாடி அட்ச்சவன்தான் பெரியவன். நீ வாயத் தொறந்து சொல்லாங்காட்டி இவன் பாதி உசிர இங்கியே வச்சிட்டு மீதியத்தான் வூட்டுக்கு எட்த்துகினு போவான். சொல்லு."

தேவராஜ் அண்ணன் சிரித்தார். "சொல்லு தம்பி. எவனாச்சும் போடான்னு சொல்லமாட்டானான்னு எட்டு மணி நேரமா காத்துகினு கீறேன்."

சொன்னேன். காது சூடாகிவிட்டது. அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு விசிலடித்தபடி போனார்.

போர்மேன் சார் இராயபுரத்துக்காரர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. எதையும் புறங்கையால் தொட்டுத்தான் சூடு பார்ப்பார். ஏதாவது கேட்டால், கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பதில் சொல்கிறவனுக்கு அது சௌகரியமாக இருக்கும். என்னைப் போன்றவனுக்கு ரொம்பவே.

அவர் யார் என்று தெரிய வேண்டுமானால் வருஷாந்திர சோதனையின்போது பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்து பாய்லரின் உள்ளே இறங்கிப் பார்ப்பார். அதற்காகத் தீயை அணைத்து, ஆறவைத்து, தண்ணீரை வடித்து, மூடியைத் திறக்க வேண்டும். அணைத்த மறுநாள் காலையிலேயே மேனேஜர் வந்துவிடுவார்.

"என்ன போர்மேன், தொட்டா சூடே இல்லையே. திறந்துடலாமே?"

"வெளிய ஆறிட்ச்சி சார். உள்ள செங்கல்லு இன்னும் கொதிச்சிகினு கீது."

"பச்சைத் தண்ணி விட்டா சீக்கிரம் ஆறாதா?"

"ஆறும் சார். கூடவே பைப்பு வாயப் பொளக்கும். அப்பால நீங்களும் நானும் இன்ஸ்பெக்டரு முன்னாடி கையக் கட்டிகினு நிக்கணும்."

சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பாய்லர் முன்னால் குந்திவிடுவார், டீ குடிப்பார். எங்களையும் எதுவும் செய்ய விடமாட்டார். மூடியின் ஒரு போல்ட்டை மட்டும் லேசாகத் தளர்த்தி, வரும் காற்றைப் புறங்கையில் வாங்கிப் பார்ப்பார். "இன்னும் இல்ல" என்பார். அவர் 'சரி' என்று சொல்கிற நேரம் எதை வைத்து என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொரு விஷயத்திலும் அவர் எங்களிடமிருந்து மாறுபட்டவர். வருஷா வருஷம் சர்ச் திருவிழா சமயத்தில் பத்து நாள் லீவு போட்டுவிடுவார். எங்கும் போகமாட்டார். "எங்க சார் டூரு?" என்று கேட்டால், "எங்க வூட்டு வாசல் வரிக்கும்" என்பார். சோம்பேறித்தனம் என்றுதான் மற்ற போர்மேன்கள் பேசிக்கொள்வார்கள். ஏனென்றால் எங்கள் தொழிற்சாலையில் லீவு போடாதவனுக்குத்தான் மரியாதை. வருஷம் பூராவும் லீவு எடுக்காதவர்களை ஜனவரியில் மேடையில் ஏற்றி ஆளுக்கொரு எவர்சில்வர் குடம் கொடுப்பார்கள். பெயர் வெட்டிய குடம்.

இரண்டாயிரத்தை ஒட்டி விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பாய்லர் வீட்டில் நாலு பேர் இருந்தோம். மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், யாராவது லீவு போட்டால் நிற்பதற்கு ஒருவர். அந்த நாலாவது ஆள் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்தில் யாரையும் போடவில்லை. மீதி இருந்தது தேவராஜ் அண்ணன், கபாலி, நான்.

அதன் பிறகு லீவு என்பதற்கு அர்த்தமே மாறிவிட்டது. ஒருவன் லீவு போட்டால் மற்ற இருவரும் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். என் மகள் பிறந்தபோது நாலு நாள் எடுத்தேன். திரும்பி வந்தபோது அண்ணன் கண்ணும் கபாலி கண்ணும் மிளகாய்ப் பழமாக இருந்தன. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு லீவு கேட்க எனக்கு வாய் வரவில்லை. கபாலிக்கு அம்மா படுக்கையில், அவன் அவ்வப்போது எடுத்தே ஆக வேண்டும். தேவராஜ் அண்ணன்தான், "நீங்க எட்த்துக்கங்கடா. எம் புள்ளைங்க பெர்சாயிட்ச்சி, எனக்கு இன்னாத்துக்கு லீவு" என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார். வாராந்திர விடுமுறையைக்கூட விட்டுக்கொடுத்தார். வருஷா வருஷம் குடம் வாங்கினார். நாங்கள் கை தட்டினோம்.

என் நிலைமையும் நன்றாக இல்லை. தண்ணீர் ஏற்றும் பம்பின் சத்தம் எந்நேரமும் காதில் இருந்தது. பஸ்ஸில், சோறு சாப்பிடும்போது, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும்போது. "நான் இன்னா சொன்னேன், சொல்லு பாப்போம்" என்று என் மனைவி கேட்பாள். எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு மதியம் நான் கண்ணாடியை அடித்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தேவராஜ் அண்ணன் போகவில்லை.

"இன்னொரு வாட்டி அடி தம்பி."

அடித்தேன்.

"ஆடிச்சா?"

"ஆடிச்சிண்ணே. பாத்தீங்களே."

"எனக்கு ஆடுனாப்ல தெர்ல."

மறுபடி அடித்தேன். போனார். கேட் வரை போய்த் திரும்பி வந்தார். கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு அது தினசரி ஆயிற்று. ஷிப்டுக்குள்ளும் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தார் என்று கொப்பரைக்காரர்கள் சொன்னார்கள். "அண்ணாத்தைக்கு பாய்லரு மேல லவ்வு" என்று கபாலி கிண்டல் செய்தான். நானும் சிரித்தேன். அண்ணனும் சிரிப்பார், ஆனால் கண் கண்ணாடியைவிட்டு நகராது.

பிறகு ஒருநாள் அவர் மனைவி அமுதா அக்கா தொழிற்சாலை கேட்டுக்கு வந்தார். அண்ணன் உள்ளே வேலையில் இருந்தார். ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்த என்னைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, இவரு தூங்கறதே இல்ல. எய்ந்து எய்ந்து கொடத்த பாக்குறாரு."

"எந்தக் கொடம்?"

"கம்பெனில குட்த்ததுதான். எல்லாத்தலயும் தண்ணி புட்ச்சி வச்சிகீறேன். மூடியத் தொறந்து தொறந்து தண்ணி எங்க நிக்கிதுன்னு பாக்குறாரு. எங்க ஏரியால எல்லாரும்தான் கொடத்த எட்டிப் பாப்பாங்க, லாரி வர்லியே, தண்ணி பத்துமான்னு. அதால எனக்கு மொதல்ல ஒண்ணும் தோணல. இப்ப லாரி வந்து எல்லாம் ரொம்பிகீது தம்பி. அப்பவும் பாக்குறாரு. ஒரு கொடத்துல கை வுட்டு ஆட்டி, ஆடுதா ஆடுதான்னு என்னியக் கேக்குறாரு."

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குடுத்தானுங்க பாரு பரிசு" என்றார்.

நான் அதை அப்படியே போர்மேன் சாரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். "அவனப் பாத்தா நெறஞ்சி கீறானா, காலியா கீறானான்னு எனக்குத் தெர்ல நைனா" என்றார் கடைசியில்.

அவர் ஏதாவது செய்வதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. ஒரு காலை நேரம், எல்லாக் கொப்பரையும் கொதித்துக்கொண்டிருந்தபோது, தேவராஜ் அண்ணன் தீயை அணைத்துவிட்டார். கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை என்றார். பார்த்தால் தண்ணீர் பாதிக்கு மேல் அழகாக நின்றது. மறுபடி கொளுத்தி ஆவி ஏற்றுவதற்குள் கொப்பரையில் இருந்த சோப்பு கட்டி தட்டிவிட்டது. அதே வாரம் மறுபடியும் அணைத்தார். விதிப்படி பார்த்தால் அவர் செய்தது சரி. தண்ணீர் தெரியாவிட்டால் அணைக்கத்தான் வேண்டும். அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மேனேஜர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். போர்மேன் சார் முன்னால் நின்றார், நான் அவருக்குப் பின்னால்.

"இது பாய்லர். விளையாட்டு இல்ல. டாக்டர் போர்டுக்கு அனுப்பி, வேலைக்குத் தகுதி இல்லைன்னு எழுதி வாங்கிட்டா முடிஞ்சது" என்றார் மேனேஜர். அப்படி எழுதிவிட்டால் சர்டிபிகேட்டும் போகும். அந்த வயதில் அண்ணனை வேறு யார் பாய்லர் பக்கம் சேர்ப்பார்கள்?

"அதுக்கு முன்னாடி அவனுக்கு லீவு குடுங்க சார்" என்றார் போர்மேன் சார்.

"லீவா? தீயை அணைச்சதுக்குப் பரிசா?"

"பாய்லரு வருசத்துக்கு ஒரு வாட்டி ஆறுது சார். கவர்மெண்டே ஆளு அனுப்பி ஆறவிடுது. இவன் அஞ்சி வருசமா எரிஞ்சிகினு கீறான். ஆறவுட்டுத் தொறந்து பாக்காம ஓட்டைன்னு எப்டி சார் எய்திக் குடுக்கறது?"

"சரி, லீவு கொடுத்தா யார் நிப்பாங்க? இருக்கறதே மூணு பேர்."

"நான் நிக்கிறேன்."

மேனேஜர் அவரைப் பார்த்தார். போர்மேன் ஷிப்டு நிற்பது எங்கள் இடத்தில் கேள்விப்படாத சங்கதி. "இந்தப் பசங்கள பன்னெண்டு மணி நேரம் நிக்க வெச்சா, அடுத்தது இதோ, இந்தப் புள்ள" என்று என்னைக் காட்டினார் சார். நான் தரையைப் பார்த்தேன். என்னையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "ஒரு மாசம். அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா போர்டுதான்" என்றார். நாங்கள் வெளியே வரும்போது, "நான்கூட எங்கயும் போயி ரெண்டு வருஷமாச்சு" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் போர்மேன் சார் காக்கி உடுப்பில் வந்தார். எங்கே வைத்திருந்தாரோ, இடுப்பில் நிற்காமல் ஒரு கயிறு கட்டியிருந்தார். கண்ணாடியை அடித்துவிட்டு, தேவராஜ் அண்ணன் தோளில் கை வைத்து, "தண்ணி என் கையில கீது. நீ போ" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

லீவு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அடுத்த நாள் காலை, ஷிப்டு நேரத்துக்கு அண்ணன் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, எட்டு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு, நாங்கள் ஷிப்டு மாறும்போது அவரும் வீட்டுக்குப் போனார்.

"லீவு குட்த்தும் இப்டி நிக்கிறாரே சார், மேனேஜரு பாத்தா?" என்று நான் பதறினேன்.

"நிக்கட்டும். தீய நேத்துதானே அணைச்சோம்" என்றார் சார். "லீவு வுட்ட ஒடனே எவனும் ஆறமாட்டான் நைனா. மொத ரெண்டு மூணு நாளு இன்னும் பேஜாராத்தான் இருக்கும். அதப் பாத்துட்டுத்தான் 'லீவுல இருந்தா எனக்கு ஒடம்புக்கு ஆவல'ன்னு எல்லாவனும் திரும்பி ஓடியாரானுங்க."

அவரே அண்ணனை ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாசா மாசம் வந்து காட்டச் சொன்னார். இந்த ஊர்ப் புகையும் ஆலைச் சங்கும் இல்லாத இடமாகக் கொஞ்ச நாள் போய் இருக்கவும் சொன்னார். லீவு மட்டுமே எல்லாவற்றையும் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரைக்கும் பங்கு உண்டு. ஆனால் லீவு இல்லாமல் அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு அதே கண்ணாடி முன்னால் வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அமுதா அக்காவின் தங்கையைத் தர்மபுரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே போய் அப்படியே ஒகேனக்கல் பார்ப்பது என்று முடிவானது. அண்ணன் ஒரு நிபந்தனையின் மேல்தான் கிளம்பினார். தினமும் சாயங்காலம் போன் செய்வார், நான் எடுக்க வேண்டும்.

எங்கள் போன் டைம் ஆபீஸில், குமாஸ்தாக்கள் நடுவில் இருந்தது. அங்கே நுழைவதென்றாலே எனக்குக் கூச்சம். முதல் நாள் போன் வந்தது.

"தம்பி, தண்ணி?"

"நல்லா கீதுண்ணே, சரியா நிக்கிது, பம்பும்…" என்று நான் விவரம் சொல்லச் சொல்ல அவர் மேலும் மேலும் கேட்டார். ஆடிச்சா, எவ்வளவு ஆடிச்சு, யார் அடித்தது, இரண்டு தடவை அடித்தார்களா. வைத்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்தேன். போர்மேன் சார் அதைக் கவனித்துவிட்டார்.

"வெவரம் சொல்லாத. நீ சொல்ற ஒவ்வொரு வெவரமும் அவனுக்கு வெறகு. ரிலீவரு, ஷிப்டு மாத்த வர்றவன், சொல்றத மட்டும் சொல்லு. சொல்லிட்டு வச்சிரு."

மறுநாள் சாயங்காலம், "தம்பி, தண்ணி?" என்றார் அண்ணன்.

"தண்ணி என் கையில கீது, நீ போ" என்றேன் மெதுவாக.

"இன்னா? கேக்கல. லைன் கொரகொரங்குது."

குமாஸ்தாக்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். "தண்ணி என் கையில கீது. நீ போ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். டைம் கீப்பர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "யார்யா அது, மாமனாரா?" என்றார். ஆபீஸே சிரித்தது. அதன் பிறகு சாயங்காலம் ஆனால் அவர்களே, "யோவ், போ சொல்ற நேரமாச்சுய்யா" என்று ஆள் அனுப்பிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தினமும் கத்தினேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாக நான் பேசியது அந்த நாட்களில்தான்.

பிறகு ஒருநாள் போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. எனக்குக் கவலையாக இருந்தது. போர்மேன் சார் கண்ணாடியை அடித்துக்கொண்டே, "போல்ட்டு தளருது" என்றார். அடுத்த நாள் வந்தது. பின்னால் பஸ் ஹாரன், ஆட்கள் கூச்சல்.

"தம்பி, எண்ண தேச்சிவுடறதுக்குன்னே ஆளுங்க குந்திகினு கீறானுங்க இங்க. ஒருத்தன் என்னியப் பாறை மேல படுக்கப் போட்டு, மாவு பெசையறாப்ல பெசஞ்சிட்டான். அப்பால ஃபால்ஸ்ல குளிச்சேன். மீனு வறுத்து இலைல வச்சிக் குட்த்தாங்க. ஒங்க அக்கா என்னிய வுட ரெண்டு துண்டு ஜாஸ்தி துன்னுட்டா."

பின்னால் அக்கா ஏதோ திட்டுவது கேட்டது. வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று நான் தயாரானேன்.

"தம்பி, இங்க எவ்ளோ தண்ணி தெரியுமா? அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போவுது. லெவலு பாக்கறதுக்கு எடமே இல்ல. எவனும் பாக்கவும் இல்ல."

"சரிண்ணே."

"வச்சிரட்டா?"

"நீ போ" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்தார்.

மாதக் கடைசியில் திரும்பி வந்தார். முகம் கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தார். முதல் வாரம் மேனேஜர் தினமும் ஏதோ சாக்கு வைத்துப் பாய்லர் வீட்டுப் பக்கம் வந்து நின்றார். அண்ணன் ஷிப்டுக்கு மூன்று தடவை, எல்லோரும் அடிப்பதுபோல, கண்ணாடியை அடித்தார். நான் மதியம் போய் அடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னதும், பையை எடுத்தார். வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். திரும்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன். கதவின் பக்கத்தில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

போர்டு பேச்சு அத்தோடு நின்றது. ஷிப்டு நின்ற மாதத்தில் போர்மேன் சாருக்குக் கால் வீங்கிவிட்டது. மேனேஜர் அதைப் பார்த்தாரோ என்னவோ, வெளியிலிருந்து கான்டிராக்டில் நாலாவது ஆள் ஒருவரை வரவழைத்தார். அதன் பிறகு சாரே எங்கள் மூன்று பேருக்கும் முறை போட்டு, ஆளுக்கு ஒரு வாரமாக வெளியே துரத்தினார். ஒருநாள் இரண்டு நாளாக உடைத்து எடுக்க விடமாட்டார். "அரை சூட்டுல தொறக்காத" என்பார். என் முறையில் நான் எங்கும் போகவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பம்பு சத்தம் காதில் இல்லை என்பதைக் கவனித்தேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை. மகள் ஏதோ கேட்டாள். அது முழுசாகக் காதில் விழுந்தது.

ஆகவே மணலித் தம்பி, போனில் நான் சொல்ல நினைத்தது இதுதான். எங்கள் செட்டின் லீவு போடாத ரெக்கார்டு அமுதா அக்கா வீட்டுச் சமையலறையில் வரிசையாக நின்றது. நீ அதை முறியடிக்க வேண்டாம். லீவு கேட்க வெட்கமாக இருக்கும், கூட்டாளி மேல் பாரம் விழுமே என்று இருக்கும். எனக்கும் இருந்தது. உன் கண்ணாடியை வாங்கிக்கொள்ள ஒரு ஆளைக் கேள். அவன் அடித்துவிட்டுப் 'போ' என்றால், போய்விடு. முதல் மூன்று நாள் பிடிக்காது. அதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதே.

அண்ணன் திரும்பி வந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். யார் வீட்டுக்கும் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. போனேன். ஹவுசிங் போர்டு மாடி. கீழே மைதானத்தில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மீன் குழம்பு வாசனை. சமையலறை வாசலை ஒட்டி அந்தக் குடங்கள், பெயர் தெரியும்படி, தட்டுப் போட்டு மூடி நின்றன. நான் ஓரக் கண்ணால் பார்த்தேன்.

"இன்னா தம்பி இப்டி வேர்த்துகினு வந்துகீற. குந்து, மொதல்ல தண்ணி குடி" என்றார் அண்ணன்.

பேசிக்கொண்டே ஒரு குடத்தின் தட்டை நகர்த்தினார். கீழே கோலி நிற்கும் பையனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் பந்தைப் பார்க்காமல் உதைக்கிறவன் காலைப் பார்க்கிறானாம், அதுதான் தப்பாம். அடுப்படியில் அமுதா அக்காவின் கரண்டி சத்தம் நின்றது. அண்ணன் கண் என் முகத்திலேயே இருந்தது. செம்பைக் குடத்துக்குள் விட்டு, மொண்டு, என்னிடம் நீட்டினார். தட்டைக் கையாலேயே தடவி மூடினார்.

உள்ளே கரண்டி சத்தம் மறுபடி கேட்டது.